நாடாவை அவிழ்க்காமலே திருப்பி அனுப்பிய கதைகள்

மாவட்டச் சிறுகதைப் போட்டியின் தேர்வுக் குழுவினருக்கு,

எங்கள் கடையிலிருந்து போட்டிக்கு அனுப்பிய ஏழு கதைகளும் போன செவ்வாய்க்கிழமை ஒரே பார்சலாகத் திரும்பி வந்தன. மேலே ஒரு துண்டுத் தாள். 'விதி 6-இன்படி ஏற்பதற்கில்லை' என்று ஒரே வரி. கையெழுத்து இல்லை.

நான் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை திறந்து 22 வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கதையையும் தனித்தனி ஃபைல் அட்டையில் வைத்து, நாடா கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியை முடிச்சுக்குள்ளேயே செருகி அனுப்புவேன். கலெக்டர் ஆபீசுக்கு மனு கட்டிக் கட்டி வந்த கைப்பழக்கம் அது. திரும்பி வந்த ஏழு ஃபைல்களில் ஐந்தில் அந்த நுனி நான் செருகியபடியே இருந்தது. ஆறாவதைத் திறந்திருக்கிறீர்கள். முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'மாயம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது. அதற்கு மேல் புரட்டியதற்கு அடையாளம் இல்லை. கீழே இருந்த தாள்கள் பிரிண்டரிலிருந்து வந்த மாதிரியே ஒட்டிக்கொண்டிருந்தன. ஏழாவது ஃபைலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறாவது விதி. நீங்கள் ஜூன் மாதம் வெளியிட்ட அறிவிப்பில் ஐந்து விதிகள்தான் இருந்தன. அதை இருநூறு பிரதி எடுத்துக் கொடுத்ததே என் கடைதான். ஒரு பிரதி இன்றும் கடைச் சுவரில், எமரால்டு பஸ் நேரம் எழுதிய அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. 'கதைக்களம் எதுவாகவும் இருக்கலாம்' என்பது அதில் மூன்றாவது விதி. கதை அனுப்பக் கடைசித் தேதி முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் ஆறாவது விதி வந்தது. 'அறிவியல் புனைவு, மாயக்கதை, பேய்க்கதை, பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து எழுதியவை ஏற்கப்படமாட்டா. மலை மக்களின் எதார்த்த வாழ்வைச் சொல்லும் கதைகளே பரிசீலிக்கப்படும்.' ஆட்டம் முடிந்த பிறகு கோட்டை மாற்றிப் போட்டால் கபடி ஆடும் பிள்ளைகள்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். படித்தவர்கள் உட்கார்ந்திருக்கும் குழு இதைச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நடைமுறைத் தவறு என்றால் ஒரு கடிதத்தோடு சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த விதிக்குள் இருக்கும் எண்ணம் எங்கள் பிள்ளைகளைப் போன வருஷத்திலிருந்தே துரத்துகிறது. போன வருஷப் பரிசளிப்பு விழாவில் உங்களில் ஒருவர், 'நம் பிள்ளைகள் செவ்வாய்க் கிரகத்திலிருந்து இறங்கி வந்து நம் தோட்டத்தைப் பார்க்கட்டும்' என்று மேடையில் சொன்னார். அரங்கமே சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அடுத்த நாற்காலியில் அவன் அம்மா. அன்றைக்கு நடுராத்திரி ஒரு மணிக்குக் கேரட் பிடுங்கப் போய், விடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, மகனின் பெயரை வாசிப்பார்கள் என்று பஸ் பிடித்து வந்திருந்தார். தோட்டத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டிய குடும்பமா அது?

அந்தப் பையன் இந்த வருஷம் எழுதிய கதை என்ன என்று நான் சொல்கிறேன். அவன் ஃபைலின் நாடா அவிழவில்லை, ஆகையால் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

எங்கள் பக்கம் கேரட் பிடுங்குவது ராத்திரியில்தான். விடிவதற்குள் மெஷினில் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றியாக வேண்டும். ஆணும் பெண்ணுமாக நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு சரிவில் வரிசையாக நிற்பார்கள். கீழே ரோட்டில் நின்று பார்த்தால் ஆள் தெரியாது. விளக்கு மட்டும்தான் தெரியும். குனிந்தால் மறையும், நிமிர்ந்தால் எரியும். காட்டெருமை எந்தப் பக்கம் நிற்கிறதோ என்ற பயத்தோடு செய்கிற வேலை. அதே முத்தோரையில்தான் ரேடியோ தொலைநோக்கியும் இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் வேலையைத் தொடங்கியது. வேறு எங்கும் வைக்காமல் இந்தச் சரிவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த இடம் பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறது. மலைச் சரிவின் சாய்வும் ஏறக்குறைய அதே 11 டிகிரி. அதனால் சரிவோடு படுக்கவைத்த தொலைநோக்கி தானாகவே பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே போதும், வானத்தில் ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். இதைப் பையன்தான் எனக்குப் பேப்பரில் படம் போட்டுச் சொன்னான். இத்தனை வருஷம் தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஏன் அங்கே நிற்கிறது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அவன் கதையில், நெற்றி விளக்குகள் மறைந்து மறைந்து எரிவதை டாவ் செட்டி என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் ஓர் உலகில் யாரோ பார்க்கிறார்கள். எழுத்து என்று நினைத்துப் படிக்கிறார்கள். பதில் அனுப்புகிறார்கள். அந்த நட்சத்திரம் இங்கிருந்து சுமார் 12 ஒளியாண்டு தூரம். வெளிச்சம் போய்ச் சேர 12 வருஷம், பதில் வந்து சேர 12 வருஷம். இரண்டு குறிஞ்சி. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030 என்று நாம் விரல்விட்டு எண்ணுகிற அதே கணக்கு. பதில் நம் தொலைநோக்கியில் பதிவாகிற ராத்திரி அந்தச் சரிவில் விளக்கு ஒன்றுகூட இல்லை. தோட்டம் ரிசார்ட் ஆகிவிட்டது. வந்த பதிலில் இருப்பது ஒரு கேள்வி மட்டும்: 'எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?'

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒன்பது பேர் உட்காருவோம். டீ, வர்க்கி, அப்புறம் யாராவது ஒருவர் எழுதியதைச் சத்தமாகப் படிப்பது. இந்தக் கதையைப் படித்த அன்று ஒரு பெண் விடவில்லை. 'நெற்றி டார்ச் வெளிச்சம் பக்கத்து ஊருக்கே தெரியாது, நட்சத்திரத்துக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டாள். எங்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. கதைக்கு ஒரு பொய் கடனாகக் கேட்கலாம், ஒன்றே ஒன்றுதான். மீதி எல்லாம் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். பையன், 'இதுதான் நான் கேட்கிற பொய்' என்றான். சரி என்று கொடுத்தோம். அதற்குப் பிறகு அவனுக்கு வேறு சலுகை கிடையாது. எத்தனை மணிக்கு முதல் விளக்கு எரியும், பனி விழும் ராத்திரியில் விரல் எந்த நேரத்தில் மரத்துப் போகும், மூட்டைக்கு என்ன கூலி, லாரிக்காரர் தாமதமாக வந்தால் யாருக்கு நஷ்டம் என்று எல்லாவற்றையும் அவன் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டான். 'இவ்வளவு நாள் ஒன்றுமே கேட்காத பையன், இப்போது தினமும் கேட்கிறான்' என்று அந்த அம்மா கடைக்கு வந்து என்னிடம் சொன்னார். நட்சத்திரத்தைப் பற்றி எழுதப் போனவன்தான் அம்மாவின் வேலையைத் தெரிந்துகொண்டான். நீங்கள் கேட்கும் எதார்த்தம் அந்த ஃபைலுக்குள் இருக்கிறது.

எதார்த்தம் என்ற சொல் எனக்கு அந்நியம் கிடையாது. அதைத்தான் நான் தினமும் டைப் செய்கிறேன். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு, யானை உடைத்த சுவருக்கு நிவாரணம் கேட்டு, மழையில் சரிந்த தடுப்புச் சுவரைக் கட்டித்தரச் சொல்லி, பட்டா கேட்டு, முதியோர் பென்ஷன் கேட்டு. மனுவின் அருமை எனக்குத் தெரியும், அதனால் பலன் அடைந்தவர்களையும் தெரியும். ஆனால் மனுவில் எது அடங்காது என்பதும் இந்த 22 வருஷத்தில் தெரிந்துகொண்டேன்.

ஒரு பாட்டிக்கு நான் இதுவரை நான்கு முறை பட்டா மனு டைப் செய்திருக்கிறேன். இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-இல் இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆள் பிரித்தார்கள். பாட்டி இந்தப் பக்கக் கணக்கில் வந்தார், தங்கை அந்தப் பக்கக் கணக்கில் நின்றுவிட்டாள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். மனுவில் நான் எழுதுவது: 'மேற்படி மனுதாரர் தாயகம் திரும்பியோர் குடும்பத்தைச் சேர்ந்தவர்.' ஒவ்வொரு முறையும் அந்த வரியை வாசித்துக் காட்டும்போது பாட்டி கேட்பார், 'நான் எங்கேம்மா திரும்பினேன்? வந்தேன்னு போடு.' போட முடியாது. அரசாணையில் உள்ள சொல் அதுதான். வேறு சொல் போட்டால் மனு நிற்காது.

அந்தப் பாட்டியின் பேத்திக்கு இப்போது 19 வயது. அவள் எழுதிய கதைதான் ஏழாவது ஃபைல். அதில் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டின் பின்கதவை மழை நாளில் திறந்தால் அந்தப் பக்கம் நுவரெலியா லைன் இருக்கும். அங்கே தங்கை இன்னும் பத்து வயதிலேயே அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். ஈர விறகுப் புகை மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. முதல் முறை படித்தபோது எங்கள் அறையில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. 'கதவுதான் இருக்கிறதே, பாட்டி ஏன் அங்கேயே போய்விடவில்லை?' என்று எல்லோரும் கேட்டார்கள். அவளிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிறும் பதில் இல்லை, அழுதுவிட்டுப் போனாள். மூன்றாவது ஞாயிறு வந்து ஒரு பத்தி படித்தாள். ஒவ்வொரு முறை அந்தக் கதவைத் தாண்டும்போதும் இந்தப் பக்கத்துப் பெயர் ஒன்று பாட்டிக்கு மறந்துபோகும். முதலில் மேஸ்திரியின் பெயர், பிறகு பக்கத்து வீட்டுக்காரி பெயர், ஒரு நாள் பெற்ற மகன் பெயருக்காகத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தார். பேத்தி பிறந்து பெயர் வைத்த அன்று பாட்டி அந்தக் கதவுக்கு முன்னால் விறகை அடுக்கிவிட்டார், ஆள் உயரத்துக்கு.

அவள் படித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. அந்தப் பாட்டியின் வாழ்க்கையை நான் நான்கு முறை டைப் செய்தவள். விறகு அடுக்குகிற இடத்தில்தான் அவரை முதல் முறையாகப் பார்த்தேன்.

இப்படிப்பட்ட கதைகளை மாயம் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டு, மலை மக்களின் வாழ்வை எழுதச் சொல்கிறீர்கள். மலை மக்கள் என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்? தோடர்களின் மரபில் இறந்தவர்கள் மேற்கே இன்னோர் உலகத்தில் எருமைகளோடு வாழ்கிறார்கள். முதல் தோட மனிதன் பூமிக்குள்ளிருந்து ஏறி வந்த கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான் என்கிற சொல்மரபை 1906-இல் மானிடவியல் ஆய்வாளர் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றிய தன் நூலிலேயே பதிவு செய்திருக்கிறார். அது அவர்கள் நம்பிக்கை, அதைக் கற்பனைக் கதை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தோடர் குடியிருப்பான ஒரு மந்திலிருந்து ஒரு பையன் தன் பாட்டியின் சாவை, அந்த வீட்டில் எப்படிப் புரிந்துகொண்டார்களோ அப்படியே எழுதி அனுப்பினால், உங்கள் விதி 6 அதை என்ன செய்யும்? படுகர்கள் கும்பிடும் ஹெத்தை அம்மனைத் தன் வீட்டுக் கிழவியாகவே நினைத்துப் பேசும், ஹட்டி என்கிற படுகர் ஊர்ப் பெண் எழுதினால் என்ன செய்யும்? எது எதார்த்தம், எது மாயம் என்று கோடு கிழிக்கும் வேலை அவ்வளவு எளிதாக உங்கள் கைக்கு எப்படி வந்தது?

இந்த வகை எழுத்து வெளிநாட்டுச் சரக்கு என்றும் உங்களில் சிலர் பேசியதைக் கேட்டிருக்கிறேன். மணிமேகலையைத் தெய்வம் வான்வழியே தூக்கிப் போனதையும், சீவகசிந்தாமணியின் மயிற்பொறியையும் பாடமாக நடத்தியவர்கள் இருக்கும் குழுவுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் கடவுளைப் பிராட்வே முனையில் நிறுத்தி, காபி வாங்கிக் கொடுத்து, கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அந்தக் கதை இன்றைக்கு உங்களுக்கு வந்தால் ஓரத்தில் பென்சிலால் என்ன எழுதுவீர்கள்? ரொக்கையா பேகம் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் வெளிவந்தது. பெண்கள் ஆளும் நாடு, சூரிய வெப்பத்தைப் பிடித்து அடுப்பெரிப்பது, மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுப்பது, பறக்கும் வண்டி. வங்காளத்துப் பெண் ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கதை முதலில் அச்சானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில். இதைச் சொன்னபோது எங்கள் அறைப் பெண்கள் என்னை இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்தார்கள். நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே ஒருத்தி எழுதிவிட்டாள் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்று அன்றைக்கு முகத்தில் பார்த்தேன்.

அடுத்தது 'பிறர் படைத்த பாத்திரங்கள்'. இதில் நானே ஒரு காலத்தில் உங்கள் பக்கம் நின்றவள். இத்தலாரிலிருந்து வரும் ஒரு பெண் போனில் கொரியன் தொடர்களின் பாத்திரங்களை வைத்து ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுவாள். எமரால்டு பஸ்ஸில் கம்பியில் சாய்ந்துகொண்டு, ஒரு கையால். 'சொந்தமாக ஒன்று எழுதக் கூடாதா?' என்று நானும் கேட்டிருக்கிறேன். பிறகு ஒரு நாள் அவள் எழுதியதைப் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தாள். 64 பக்கம். தொடரில் நாலு காட்சி மட்டும் வந்து போகும் ஒரு வேலைக்காரப் பெண்ணை எடுத்து, அவளுக்கு ஒரு அம்மா, ஒரு கடன், ஒரு பிடிவாதம் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு பாகத்துக்கும் கீழே முகம் தெரியாத ஊர்களிலிருந்து, 'அக்கா, அவ அந்த இடத்துல அப்படிப் பேச மாட்டா' என்று கருத்து எழுதியிருந்தார்கள். இவள் அதைக் கேட்டுத் திருத்தியிருந்தாள். பாத்திரம் இப்படிப் பேசுமா, பேசாதா என்று நாற்பது பேர் சண்டை போட்டுச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு எந்தக் கல்லூரியில் இருக்கிறது? ரசிகர் மன்றம் என்றால் கட்அவுட்டும் பாலாபிஷேகமும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, ரசிகர்கள் கூடி உட்கார்ந்து ஒருத்தியை எழுத்தாளர் ஆக்குவதை அன்றைக்குத்தான் பார்க்கக் கிடைத்தது.

அவள் போட்டிக்கு எழுதியது 'பொன்னியின் செல்வன்' நாவலில் கோடிக்கரைக் கடலில் படகு ஓட்டும் பூங்குழலியைப் பற்றி. கல்கி அந்த நாவலை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய காலத்திலேயே வாசகர்கள் அந்தப் பாத்திரங்களைத் தங்கள் வீட்டு மனிதர்களாக்கிக்கொண்டார்கள். அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்குக் கல்கி முடிவுரையில் பதில் எழுத வேண்டியிருந்தது. பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று அதன் தொடர்ச்சியாகவே ஒரு நாவல் எழுதினார். அதையும் களவு என்பீர்களா? மதுரையை ஆண்ட அல்லியைத் தேடிப் போனால் வியாசரிடம் கிடைக்க மாட்டாள். நம் ஊர்ப் பாட்டுக்காரர்கள் அர்ச்சுனனுக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தியவள் அவள். சட்டம் பற்றிக் கேட்டால், கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யாரும் எடுத்து எழுதலாம். இன்னொருவருக்கு உரிமையுள்ள பாத்திரத்தைப் பரிசுத் தொகுப்பில் அச்சிட முடியாது என்று நீங்கள் சொன்னால், அது நியாயம், ஏற்கிறேன். அதனால்தான் அவள் கொரியன் கதையை அனுப்பவில்லை. பூங்குழலியை அனுப்பினாள்.

இன்னும் ஒன்று. அந்தப் பெண் கடலைப் பார்த்ததே இல்லை. கோடிக்கரையை எப்படி எழுதினாய் என்று கேட்டேன். காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மூட்டம் நிரம்பி, எதிர் மலை மட்டும் தீவு மாதிரி மேலே தெரியும் அல்லவா, அதைப் பார்த்து எழுதினேன் என்றாள். படகு நகரும்போது சத்தம் வராத கடல் அவளுடையது. கரையோர ஊர்க்காரர் யாரும் அப்படி எழுத மாட்டார். இந்த மலையில் பிறந்தவள்தான் எழுத முடியும். அந்த ஃபைலின் நாடாவும் அவிழவில்லை.

ஏழு கதைகளும் அருமை என்று நான் சொல்லவில்லை. இரண்டு கதைகள் அவசரத்தில் எழுதியவை. அனுப்ப வேண்டாம் என்றுகூட அவர்களிடம் சொன்னேன். ஒன்றில் பேய் வருவதற்குக் காரணமே இல்லை. படித்துவிட்டு அதை நீங்கள் நிராகரித்திருந்தால் இந்த மடல் வந்திருக்காது. பரிசு கேட்டு நான் எழுதவில்லை. ஊட்டியில் இருக்கும் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில், 2014 டிசம்பர் 1-ஆம் தேதி நம் தலைக்கு மேலே நின்ற ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றைக்கும் நாம் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருப்போம். இப்படி ஓர் ஊரில் வளரும் பிள்ளைகளிடம் வானத்தைப் பார்த்து எழுதாதே என்று சொல்லாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். பார்சல் வந்த பிறகு ஒன்பது பேரில் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பதினேழு வயதுப் பையன் அவர்களில் ஒருவன். அவன் அம்மா கேரட் கழுவும் இடத்துக்குப் போகும் வழியில் கடையை எட்டிப் பார்த்து, 'வந்தானா?' என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

நான் உங்களிடம் கேட்பவை இவை. கடைசித் தேதிக்குப் பிறகு சேர்த்த ஆறாவது விதியை இந்த வருஷப் போட்டியிலிருந்து எழுத்து மூலமாக நீக்குங்கள். எங்களுடையதை மட்டும் சொல்லவில்லை. அந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிய எல்லாக் கதைகளையும், கூடலூரிலிருந்து வந்ததோ கோத்தகிரியிலிருந்து வந்ததோ, திரும்ப வரவழைத்து முழுவதும் படியுங்கள். படித்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் ஏன் வேண்டாம் என்று இரண்டு வரி எழுதி, எழுதியவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அவர்கள் அடுத்த கதையை எழுதிவிடுவார்கள். அறிவியல் புனைவும் மாயப் புனைவும் படித்துப் பழகிய ஒருவரையாவது அடுத்த ஆண்டுக் குழுவில் சேருங்கள். நாட்டுடைமை ஆன எழுத்துகளின் பாத்திரங்களை வைத்து எழுதலாம் என்பதை விதியிலேயே தெளிவாகப் போடுங்கள். மேடையில் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. சொன்னவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் கடைக்கு வந்து, அந்தப் பையன் கதையைப் படிக்கும்போது கூட உட்கார வேண்டும். அவனை நான் அழைத்து வந்துவிடுவேன்.

கடைசியாக அந்த ஏழாவது ஃபைல். அதில் பதினான்கு பக்கம் அனுப்பினோம், பதிமூன்று திரும்பி வந்திருக்கிறது. நாடா வேறு விதமாகக் கட்டியிருக்கிறது. ஆக, யாரோ ஒருவர் அவிழ்த்திருக்கிறார். அனுப்பிய அன்று காலையில் அந்தப் பெண் ஓடி வந்து, கடைசிப் பக்கத்தை மாற்றிவிட்டேன், டைப் செய்ய நேரமில்லை, கையெழுத்தாகவே வையுங்கள் அக்கா என்றாள். அப்படியே வைத்துக் கட்டிவிட்டேன். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தும் அதை ஒரு பிரதி எடுக்காமல் விட்டது என் தவறு. அவள் இரண்டு முறை திரும்ப எழுதிப் பார்த்துவிட்டாள். அது வரவில்லை என்கிறாள். அந்தப் பக்கத்தை நானும் படிக்கவில்லை, எங்கள் அறையில் வேறு யாரும் படிக்கவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை, வலது மூலையில் 14 என்று வட்டம் போட்டிருக்கும். உங்கள் அலமாரியிலோ, வேறு ஃபைலுக்குள்ளோ, யாராவது வீட்டுக்கு எடுத்துப் போன பையிலோ இருக்கும். தேடி எடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
முத்தோரை பாலாடாவிலிருந்து டைப்பிங் கடைக்காரி